செட்டப் கோப்புகளை அழிக்கலாமா? பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட் பக்கம் வீடுகளில் இருக்கும் மடிக்கணினிகளில் பல, ஈப்போவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. உள்ளே கோப்புகளைச் சேமிக்க 128 ஜிபி எஸ்எஸ்டி இருக்கும். விற்பவர் 128 என்று சொன்னாலும் விண்டோஸ் அதை 119 ஜிபி என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். அந்த 119-இல் விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பிள்ளையின் பள்ளி வேலை, கோயில் திருவிழாப் படங்கள், கடைக் கணக்கு எல்லாம் ஏறினால் கொஞ்ச நாளில் சி டிரைவின் கோடு சிவப்பாகிவிடும். எதையாவது அழித்தே ஆகவேண்டும் என்று தேடும்போது முதலில் கண்ணில் படுவது டவுன்லோட்ஸ் கோப்புறைதான். மென்பொருள் நிறுவ இறக்கிய, செட்டப், இன்ஸ்டால் என்று பேர் போட்ட கோப்புகள் அங்கே வரிசையாகக் கிடக்கும்.

அவற்றில் பெரும்பாலானவற்றைத் தாராளமாக அழிக்கலாம். ஆனால் கை வைப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோப்பை நான் இறக்கினேனா, கணினி தானாக எடுத்து வைத்ததா? நாளைக்கு மறுபடி வேண்டுமென்றால் எனக்குச் சுலபமாகக் கிடைக்குமா? முதல் கேள்விக்கான பதில் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். இரண்டாவது அப்படியில்லை. டவுனில் ஃபைபர் லைன் இருக்கிற வீட்டுக்கு 350 எம்பி கோப்பு ஒரு பொருட்டே இல்லை. லிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்துகொண்டு கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவருக்கு அதே கோப்பு ஒரு மாலை நேர வேலை. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் முதல் வகை ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால்தான் ‘எல்லாவற்றையும் அழி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நிறுவும்போது என்ன நடக்கிறது

நீங்கள் இறக்கிய செட்டப் கோப்பு, மென்பொருள் வந்து சேர்ந்த அட்டைப்பெட்டி மாதிரி. இரண்டு முறை தட்டியதும் அது உள்ளே இருப்பதைப் பிரித்து, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற கோப்புறையிலோ உங்கள் பயனர் கணக்குக்குள் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’விலோ கொண்டுபோய் வைக்கிறது. பிரிக்கிற நேரத்தில் சில தற்காலிகக் கோப்புகளை ‘டெம்ப்’ கோப்புறையில் போடுகிறது. பின்னால் நீக்குவதற்கு ஒரு சின்ன நிரலையும், பல சமயம் பழுது பார்ப்பதற்கு ஒரு பிரதியையும் தனியே எடுத்து வைக்கிறது. வேலை முடிந்த பிறகு டவுன்லோட்ஸில் கிடக்கும் செட்டப் கோப்பை அந்த மென்பொருள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதை அழித்தால் மென்பொருள் நின்றுபோகாது.

ஆக, மிச்சக் கோப்புகள் ஓரிடத்தில் மட்டும் இல்லை. டவுன்லோட்ஸில் இருப்பது உங்கள் பொறுப்பு. மற்ற இடங்களில் இருப்பதற்கு வேறு சட்டம், பின்னால் வருகிறேன்.

முதலில் டவுன்லோட்ஸ்

கோப்புறையைத் திறந்து, ‘வியூ’வில் ‘டீட்டெய்ல்ஸ்’ தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ‘டைப்’ என்ற தலைப்பைத் தட்டினால் ஒரே வகைக் கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ‘அப்ளிகேஷன்’ என்று போட்டிருப்பவை எக்ஸ்இ வகை. ‘விண்டோஸ் இன்ஸ்டாலர் பேக்கேஜ்’ என்று போட்டிருப்பவை எம்எஸ்ஐ வகை. ஜிப் கோப்புகளையும் பாருங்கள். ஜிப் ஒன்றும், அதைப் பிரித்த கோப்புறை ஒன்றும் என ஒரே சங்கதி இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும். இறுதியில் ‘ஐஎஸ்ஓ’, அதாவது ஒரு நிறுவல் வட்டு முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு, இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ ஒன்றே 5 ஜிபிக்கு மேல் போகும். யாரோ விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டு அதை அப்படியே விட்டுப் போயிருப்பார்கள்.

இப்போது ஒவ்வொரு எக்ஸ்இ கோப்பையும் அழிப்பதற்கு முன் ஒரு சோதனை. இதை மட்டும் தவறவிடாதீர்கள். சில மென்பொருள்களை நிறுவவே தேவையில்லை. இறக்கிய எக்ஸ்இ கோப்புதான் மென்பொருளே. இவற்றை ‘போர்ட்டபிள்’ என்பார்கள். தொலைவிலிருந்து கணினியைப் பார்க்க உதவும் செயலிகள், பிடிஎஃப் சேர்க்கும் சின்னச் சின்னக் கருவிகள் பல இந்த வகை. வெளித்தோற்றத்தில் செட்டப் கோப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. டெஸ்க்டாப்பில் நீங்கள் தினமும் தட்டும் படவுருவின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். திறக்கும் கோப்புறை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அல்லது ‘ஆப்டேட்டா’வுக்குள் இருந்தால் பிரச்சினையில்லை, டவுன்லோட்ஸில் இருப்பது வெறும் பெட்டிதான். திறப்பதே டவுன்லோட்ஸ் என்றால் கையை எடுங்கள். அந்தக் கோப்பைத்தான் நீங்கள் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்டதை ஆவணங்கள் பக்கம் ஒரு தனிக் கோப்புறைக்கு நகர்த்திவிட்டு, புதிதாகப் படவுரு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து அளவைப் பாருங்கள். உலாவிகள் கொடுக்கும் சில செட்டப் கோப்புகள் சில எம்பிதான் இருக்கும். அது முழு மென்பொருள் இல்லை. ஓட்டினால் இணையத்துக்குப் போய் மிச்சத்தை இறக்கும். இதைப் பத்திரப்படுத்தி ஒரு லாபமும் இல்லை, லைன் இல்லாத நேரத்தில் உதவாது. அழித்துவிடலாம். மாறாக லிப்ரே ஆபிஸ் மாதிரி முழுதாக வரும் எம்எஸ்ஐ சுமார் 350 எம்பி இருக்கும். லைன் இல்லாமலே நிறுவலாம். தோட்டத்து வீட்டில் இருக்கிறவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் போட்டுக் கொடுக்கிறவர் என்றால் அதைப் பென்டிரைவில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய உலாவி செட்டப்பை அப்படி வைத்திருக்கக் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத பதிப்பு அது, அழியட்டும்.

எங்கிருந்து வந்தது என்றே தெரியாத எக்ஸ்இ ஏதாவது இருந்தால், திறந்து பார்க்க வேண்டாம். வலது பொத்தான், ‘பிராப்பர்ட்டீஸ்’. உள்ளே ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பக்கம் இருந்து, அதில் தெரிந்த நிறுவனத்தின் பெயர் இருந்தால் ஓரளவு நம்பலாம். அந்தப் பக்கமே இல்லையென்றால் உடனே கெட்டது என்று அர்த்தமில்லை, சின்ன இலவசக் கருவிகளுக்குப் பலமுறை இருக்காது. ஆனாலும் பயன் தெரியாத கோப்பை வைத்திருந்து என்ன செய்யப் போகிறோம்? பழைய மடிக்கணினிகளில் ஆபிஸையோ விண்டோஸையோ காசு கட்டாமல் திறக்கும் ‘ஆக்டிவேட்டர்’ ஒன்றும் பல நேரம் கூடவே வரும். அதை யோசிக்காமல் அழியுங்கள். அழித்த பிறகு, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ஒரு முழுச் சோதனையும் ஓட்டிவிடுங்கள்.

அழிக்கக் கூடாத சில

இங்கேதான் இரண்டாவது கேள்வி வேலைக்கு வருகிறது.

பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரைப் பாருங்கள். பழைய மாடல் பிரிண்டர் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிற பள்ளிகளும் கடைகளும் நம் ஊரில் நிறைய. அந்த மாடலின் டிரைவரை நிறுவனம் தன் தளத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எனக்கே ஒரு பிரிண்டரில் அது நடந்தது: போன வருஷம் இருந்த பக்கம், இந்த வருஷம் ‘இந்த மாடலுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது’ என்று கையை விரித்துவிட்டது. அப்புறம் கண்ட தளங்களில் தேட வேண்டியதாகிவிடும், அங்கே டிரைவரோடு வேண்டாததும் சேர்ந்து வரும். டிரைவர் செட்டப் ஓடுகிறதென்றால் அது பென்டிரைவுக்குப் போக வேண்டியது, குப்பைக்கு இல்லை.

காசு கொடுத்து வாங்கிய பழைய மென்பொருளும் அப்படித்தான். மளிகைக்கடையில் பில் போடும் மென்பொருளை எப்போதோ சிடியில் வாங்கி, அந்த சிடியைக் கணினியில் பிரதி எடுத்து வைத்திருப்பார்கள். இப்போது வரும் மடிக்கணினியில் சிடி போட இடமே இல்லை. விற்ற ஆளும் தொழிலை விட்டிருக்கலாம். அந்த செட்டப் கோப்புறையோடு உரிம எண்ணையும் ஒரு நோட்பேடில் எழுதி, அதே இடத்தில் சேமித்து வையுங்கள். உரிம எண் இல்லாத செட்டப் வெறும் பாரம்.

தமிழ் எழுத்துருக்கள் தனிக்கதை. விண்டோஸில் யூனிகோடு தமிழ் முதன்முதலில் வந்தது விண்டோஸ் 2000-இல், லதா எழுத்துருவோடு. அதற்கு முன்னாலும், அதற்குப் பிறகு பல வருஷமும், நம்மவர்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையிலும் வேறு தனி எழுத்துருக்களிலும்தான் தட்டினார்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் மலேசியாவில் ஏராளம். ஆலய நிர்வாகத்தின் பழைய கூட்டக் குறிப்பு, தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர் என்று அந்தக் காலத்து வேர்ட் கோப்பு எதையாவது இன்று திறந்தால், புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்தாக ஏதோ தெரியும். உரிய எழுத்துருவைப் போட்டால்தான் தமிழாகும். ஒருமுறை நிறுவிய எழுத்துரு விண்டோஸின் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறைக்குப் போய்விடுவதால், இந்தக் கணினிக்கு செட்டப் தேவையில்லைதான். ஆனால் அடுத்த கணினிக்கு அது தானாக வந்து சேராது. எழுத்துரு செட்டப் எல்லாம் சேர்ந்தாலும் சில எம்பிதான். அதை அழித்து மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

கணினி தானாக வைத்தவை

வின்டிர்ஸ்டாட் (WinDirStat) மாதிரி, இடத்தை எது தின்கிறது என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை ஓட்டினால் சில பெயர்கள் பெரிதாகத் தெரியும். புதியவர்கள் பயந்துபோய்க் கை வைப்பது இங்கேதான்.

விண்டோஸ் கோப்புறைக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்று ஒன்று மறைவாக இருக்கும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. உள்ளே எண்ணும் எழுத்தும் கலந்து, அர்த்தமே இல்லாத பெயர்களில் எம்எஸ்ஐ, எம்எஸ்பி கோப்புகள் கிடக்கும். பேரைப் பார்த்தால் குப்பை என்றே தோன்றும், அளவோ சில சமயம் பல ஜிபி. அழிக்காதீர்கள். நிறுவிய மென்பொருளைப் பழுது பார்க்கவும், புதுப்பிக்கவும், நீக்கவும் விண்டோஸ் தேடிப் போகும் பிரதிகள் இவை. அழித்த அன்று ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. பல மாதம் கழித்து ஆபிஸுக்கோ கணக்கு மென்பொருளுக்கோ ஒரு புதுப்பிப்பு வரும்போது, ‘நீங்கள் கேட்கும் கோப்பு கிடைக்கவில்லை, இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்’ என்ற பொருளில் ஒரு பெட்டி திறக்கும். காட்ட எதுவும் இருக்காது. புதுப்பிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. ஏற்கெனவே யாரோ அழித்துவிட்டிருந்தால், மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் ‘புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர்’ என்ற கருவியை இறக்கி ஓட்டிப் பாருங்கள். சிக்கிக்கொண்ட மென்பொருளை நீக்கவாவது பல நேரம் அது உதவும்.

இதே சட்டம் இன்னும் சில இடங்களுக்கும். ‘புரோகிராம்டேட்டா’வுக்குள் ‘பேக்கேஜ் கேஷ்’, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ பக்கம் ‘இன்ஸ்டால்ஷீல்ட் இன்ஸ்டாலேஷன் இன்ஃபர்மேஷன்’, பழைய ஆபிஸ் இருந்தால் ‘எம்எஸ்ஓகேஷ்’, விண்டோஸுக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’. எதையும் டெலீட் பொத்தானால் தொடாதீர்கள். மென்பொருளின் சொந்தக் கோப்புறையில் ‘அன்இன்ஸ்’ என்று தொடங்கி மூன்று சுழியத்தில் முடியும் கோப்புகள் தெரிந்தால், அவை நீக்குவதற்கான கருவி, இருக்கட்டும்.

சி டிரைவைத் திறந்ததுமே ‘ஏஎம்டி’, ‘என்விடியா’ என்ற பெயரில் கோப்புறை இருந்தால் பெரும்பாலும் டிரைவர் நிறுவும்போது பிரித்துப் போட்டவை. எச்பி கணினிகளில் ‘எஸ்டபிள்யூ செட்டப்’ என்று இருக்கும். டிரைவர் சரியாக ஓடுகிறதென்றால் இவற்றை அழிக்கலாம். ஆனால் விண்டோஸை மறுபடி போட நினைத்திருக்கிறீர்கள் என்றால், அதற்கு முன் பென்டிரைவில் ஒரு பிரதி. விண்டோஸ் புதிதாகப் போட்டதும் வைஃபை டிரைவர் இல்லாமல் இணையத்துக்கே போக முடியாமல் உட்கார்ந்திருப்பது நம் ஊரில் அடிக்கடி பார்க்கிற காட்சி.

‘டெம்ப்’ கோப்புறை சுலபம். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிறுவல் ஏதாவது பாதியில் நின்றிருந்தால் அது முடியட்டும். பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் டெம்ப் என்று ஆங்கிலத்தில் எழுதி, முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு என்டர் தட்டினால் அது திறக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழியுங்கள். சிலது ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும்; ‘ஸ்கிப்’ கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

விண்டோஸ் ஓல்ட்: அவசரப்படாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், பலரும் 11-க்கு மாறியிருக்கிறார்கள். மாறியதும் பழைய விண்டோஸ் முழுவதும் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற கோப்புறையில் ஒதுக்கி வைக்கப்படும். பல சமயம் இது 20 ஜிபியைத் தாண்டும். புதியது பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்ப இதுதான் வழி. அதன் பிறகு விண்டோஸே இதை அழித்துவிடும். அவசரமாக இடம் வேண்டாமென்றால் சும்மா விட்டுவிடுங்கள், தானே போய்விடும்.

கடையில் கொடுத்து விண்டோஸ் போட்டு வாங்கியவர்களுக்கு இது வேறு மாதிரி. டிரைவை ஃபார்மேட் செய்யாமல் மேலேயே புதிதாகப் போட்டிருந்தால், உங்கள் பழைய படங்களும் ஆவணங்களும் அந்த விண்டோஸ் ஓல்டுக்குள்ளேயே இருக்கும். ‘கடைக்காரர் எல்லாவற்றையும் அழிச்சிட்டாருண்ணே’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் திறக்கச் சொல்வது இதைத்தான். விண்டோஸ் ஓல்ட், அதற்குள் ‘யூசர்ஸ்’, அதற்குள் உங்கள் பழைய கணக்கின் பெயர், அதற்குள் ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’, ‘டெஸ்க்டாப்’. பிள்ளையின் எஸ்பிஎம் பயிற்சியும் கல்யாண ஆல்பமும் அங்கே பத்திரமாக இருக்கும். நாள் கடத்தாமல் வெளியே எடுத்துவிட்டு, பிறகு அழிக்கலாம்.

அழிக்கும் வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்ஸ்’, ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’, ‘டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ்’ மூன்றையும் டிக் செய்யலாம். அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒன்று இருக்கும். வழக்கமாக டிக் இல்லாமல்தான் இருக்கும். பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு அதைத் தட்டினால், செட்டப் கோப்புகளோடு நீங்கள் இறக்கி வைத்த வங்கி அறிக்கை, பிறப்புப் பத்திரப் பிரதி எல்லாம் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் ஒரேயடியாகப் போய்விடும். அதை நாம் கையால் பார்த்தாகிவிட்டது, டிக் வேண்டாம். ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ உள்ளே டவுன்லோட்ஸுக்கான வரி ‘நெவர்’ என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் ஏபிகே

ஆண்ட்ராய்டிலும் இதே சங்கதி. பிளே ஸ்டோரிலிருந்து வரும் செயலி டவுன்லோட்ஸில் கோப்பு எதையும் விட்டுவைக்காது. அங்கே ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு செயலியின் செட்டப் கோப்பு, இருந்தால், வேறு எங்கிருந்தோ இறக்கியது. நீங்களே தெரிந்து நிறுவியதென்றால் ஏபிகேயை அழிக்கலாம், செயலி ஓடும்.

ஆனால் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே மலேசியாவில் பலருடைய வங்கிக் கணக்கைக் காலி செய்திருக்கிறது. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். ஏபிகேயாக வர அதற்கு வேலையே இல்லை. தட்டி நிறுவிவிட்டீர்கள் என்றால், கோப்பை அழித்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். மேலே சொன்னதேதான்: செட்டப் போனாலும் நிறுவியது உள்ளேயே இருக்கும். உடனே டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்கும், மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கும் கூப்பிடுங்கள். அதன் பிறகு செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பட்டியலுக்குப் போய் அந்தச் செயலியை நீக்குங்கள்.

அழித்த பிறகு

டவுன்லோட்ஸில் அழித்தது ரீசைக்கிள் பின்னில் இருக்கும் வரை இடம் திரும்பாது. ஒரு வாரம் அப்படியே விடுங்கள். பள்ளி வேலை, கடை பில், பிரிண்டர், வங்கித் தளம் என்று வழக்கமாகச் செய்வதையெல்லாம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது திறக்கவில்லை என்றால் பின்னுக்குள் போய் ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். எல்லாம் ஓடினால் காலி செய்யுங்கள். பழக்கமில்லாதவர்கள் ஷிஃப்ட் விசையோடு டெலீட் அழுத்த வேண்டாம், அது பின்னைத் தாண்டிப் போய்விடும்.

இதெல்லாம் செய்தும் கோடு சிவப்பாகவே நிற்கிறதென்றால், செட்டப் கோப்புகள் காரணமில்லை. படங்களையும் காணொளிகளையும் வெளி டிரைவுக்கு மாற்றுங்கள், அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி போடலாமா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன் மடிக்கணினியின் அடிப்பக்க மாடல் எண்ணைப் படம் பிடித்துக் கடையில் காட்டுங்கள். சிலது 2.5 அங்குல எஸ்எஸ்டி எடுக்கும், சிலது எம்.2 மட்டும்தான். விலை குறைந்த சில மாடல்களில் சேமிப்பகம் போர்டிலேயே ஒட்டி வருவதால் மாற்றவே முடியாது.